ஒரு முகக் கழிவு

சென்ற ஆவணி மாதத்தில், திருவெறும்பூருக்கு அருகே புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்த என் பால்ய சிநேகிதருடைய புதல்வன், செங்கல் தெரிய நின்றுகொண்டிருந்த அந்த வீட்டை எனக்குக் காண்பிக்க விரும்பி அழைத்துச் சென்ற சமயத்தில், வெளிப்பூச்சுக்கு என்ன செலவாகும் என்று அவன் கேட்ட கேள்விக்கு, அங்கே நின்றிருந்த இளம் இஞ்சினீயர் தம் கைப்பேசியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி, “கட்டிடப் பரப்பு 1,200 சதுர அடி. ஒன்றரை மடங்கு போட்டா 1,800. இதோ சிமெண்டு, இதோ மணல், இதோ கூலி” என்று, ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டும் அவகாசம்கூட எடுத்துக்கொள்ளாமல் சொல்லி முடித்தார். மேற்குப் பக்கத்துச் சுவர் அண்டை வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டல்லவா நிற்கிறது, அதில் பூச்சு எங்கிருந்து ஆரம்பமாகிறது என்று நான் கேட்டேன். “அதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கும் சார். இதுக்குப் போயி யாராவது உக்காந்து கணக்குப் போடுவாங்களா?” என்றார். அவர் அவமரியாதையாகப் பேசவில்லை. மிகவும் விநயமான பிள்ளைதான். ஆனால் 1971-ஆம் ஆண்டிலிருந்து 2021-ஆம் ஆண்டு வரையில், திருச்சியில் ஒரு கட்டிடக் காண்ட்ராக்டரிடம், அந்த உட்கார்ந்து கணக்குப் போடுகிற காரியத்தைத் தவிர வேறொன்றும் அறியாமல் ஐம்பது வருஷம் கழித்தவனுக்கு அந்த வாக்கியம் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எஸ்டிமேட் போடுவது என்றால் நீளத்தை உயரத்தால் பெருக்குவது என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த எவனும் செய்துவிடக்கூடிய அந்தக் காரியத்துக்காக ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து, நாற்காலி போட்டு, மாதம் ஒரு புட்டி மையும் வாங்கிக் கொடுத்த முதலாளி புத்தியில்லாதவரா என்று யாரும் யோசிப்பதில்லை. உட்பூச்சு பன்னிரண்டு மில்லிமீட்டர், வெளிப்பூச்சு இரண்டு கோட்டாக இருபது மில்லிமீட்டர், கலவை ஒன்றுக்கு ஐந்து, சேம்பர் செங்கல்லானால் இடுக்குகளுக்கு நூற்றுக்கு இருபது, நாட்டுச் செங்கல்லானால் முப்பது, ஈரக் கலவையை உலர்ந்த அளவாக்குவதற்கு ஒன்றே காலுக்கும் சற்று மேலே ஒரு பெருக்கல், கடைசியில் நூறு சதுர அடி கொண்ட ஒரு சதுரத்துக்கு வெளிப்பூச்சானால் ஒரு மூட்டையும் கிட்டத்தட்ட அரை மூட்டையும் சிமெண்டு, எட்டரைக் கன அடி மணல்: இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள், ஆதலால் இங்கே விஸ்தரிக்கவில்லை. சிரமமெல்லாம் இவற்றுக்கு அப்பால் இருக்கிறது. அந்தச் சிரமத்துக்கு எங்கள் வழக்கில் கழிவு என்று பெயர்.

சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் கதவும் ஜன்னலும் இருந்தே தீரும். ஜன்னல் இருக்கும் இடத்தில் பூச்சு இல்லை. ஆகையால் சுவரின் பரப்பிலிருந்து ஜன்னலின் பரப்பைக் கழித்துவிட வேண்டும் என்று புத்தி சொல்லும். புத்தி சொல்லுவது இந்த விஷயத்தில் சரியன்று. ஐ.எஸ். 1200 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின் பன்னிரண்டாம் பகுதி, அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளுக்குக் கழிவே கூடாது என்கிறது. அரைக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரையில் உள்ளவற்றுக்கு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பூச்சானால், ஒரு முகத்தில் மாத்திரம் கழித்துக்கொண்டு, மறு முகத்தைச் சுவர் முழுதாக இருப்பதுபோலவே பாவித்து விட்டுவிட வேண்டும். நிலையின் ஓரங்களையும் மேல் வயிற்றையும் கீழ்ப் படியையும் தனியே சேர்க்கக் கூடாது. மூன்றுக்கு மேற்பட்டால்தான் இரு முகமும் கழியும். அப்போது ஓரங்கள் தனியே அளக்கப்படும். இரண்டு பக்கத்துப் பூச்சும் வெவ்வேறானால் அதற்கு வேறொரு விதி. ஓரத்தின் அகலம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கத்தில் கழிவு. இரண்டும் சமமானால் பாதி பாதி. வீட்டில் உள்ள வென்டிலேட்டருக்கு ஒரு நியாயம், ஜன்னலுக்கு ஒரு நியாயம், கார் நிறுத்தும் ஷட்டருக்கு ஒரு நியாயம் என்று இருப்பதைப் பார்த்தால், இது கணித சாஸ்திரமா தர்ம சாஸ்திரமா என்று ஒருவன் மயங்கினால் ஆச்சரியமில்லை. நானும் மயங்கினேன். அந்த மயக்கம் தெளிந்த விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர், பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு எங்கள் காண்ட்ராக்டரிடம் வந்து சேர்ந்த ஒரு பெரியவர். எல்லோரும் அவரை ஓவர்சீயர் ஐயா என்றே அழைத்தபடியால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். முழங்கைக்கு மேலே மடித்த வெள்ளைச் சட்டை, நான்கு முழ வேஷ்டி, சட்டைப் பையில் ஒரு பேனாவும் ஒரு பென்சிலும். அடியும் அங்குலமும் கற்று உத்தியோகத்தில் சேர்ந்து, நடு வயதில் மீட்டருக்கு மாறியவர் ஆதலால், அளவுப்புத்தகத்தில் மீட்டரில் எழுதிக்கொண்டே வாயினால் கொத்தனாரிடம் அடியில் பேசும் சாமர்த்தியம் அவரிடம் இருந்தது. இரண்டு பாஷைகளுக்கும் நடுவே 10.764 என்ற எண் ஒரு துபாஷியைப்போல அவர் நாவில் நின்றுகொண்டிருந்தது. அவரிடம் ஒரு துணி நாடா உண்டு. துணி நாடா இழுக்க இழுக்க நீளும் என்பதால், மாதம் பிறந்ததும் அதை ஆபீஸ் தரையில் விரித்து, ஓர் இரும்பு அடிக்கோலால் முழம் போடுவதுபோல அடி அடியாகப் பரிசோதித்து, ஐம்பது அடிக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று நாடாவின் தோல் உறையிலேயே பென்சிலால் குறித்து வைப்பார். அந்த மாதம் முழுவதும் எங்கள் அளவுகளெல்லாம் அந்தப் பென்சில் குறிக்குக் கட்டுப்பட்டவை.

வரைபடத்தை நம்பக்கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. “படத்துல நாப்பது அடின்னு எழுதினவன் மனசுல நாப்பது அடி இருந்திருக்கும்ப்பா. சுவத்துல இருக்கான்னு போய்ப் பாரு” என்பார். முதல் ஆறு மாதம் என்னைக் கூட்டல்கூடப் போட விடவில்லை. நாடாவின் பூஜ்ய முனையைச் சுவரின் மூலையில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் உத்தியோகம். பி.என். தத்தாவின் எஸ்டிமேட்டிங் புத்தகத்தைப் பாலிடெக்னிக்கில் அட்டையிலிருந்து அட்டை வரை படித்துத் தேறியிருந்த எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

1974-ஆம் ஆண்டில், தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு மாணவர் விடுதி கட்டும் வேலை எங்களுக்கு வந்தது. இரண்டு மாடி, மொத்தம் 84 ஜன்னல்கள், ஒவ்வொன்றும் நாலுக்கு நாலு அடி. ஓவர்சீயர் ஐயாவுக்கு அப்போது கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பூச்சுக்கான எஸ்டிமேட்டை முதன்முதலாக என் பொறுப்பில் போடும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நான் என்ன செய்தேன் என்றால், புத்தி சொன்னபடி செய்தேன். ஜன்னல் உள்ள இடத்தில் உள்ளேயும் பூச்சு இல்லை, வெளியேயும் பூச்சு இல்லை, ஆதலால் இரு முகமும் கழிப்பதே சத்தியம் என்று தீர்மானித்து, பதினாறு சதுர அடியை எண்பத்துநாலால் பெருக்கி, இரண்டு தடவை கழித்துவிட்டேன். ஓரங்கள் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை. என்னுடைய தொகை ஐயா வழக்கமாகப் போடும் தொகையைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்ததைக் கண்டு, வேலையைப் பிடித்துவிட்டோம் என்று முதலாளி சந்தோஷப்பட்டார்.

அது சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கவேண்டியிருந்த காலம் என்பதை இக்காலத்து வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சிமெண்டின் மீதான கட்டுப்பாடு 1982-இல் பாதியும் 1989-இல் முழுவதுமாகத்தான் நீங்கிற்று. அதற்கு முன்பு, இன்ன வேலைக்கு இத்தனை மூட்டை என்று எழுதிக் கேட்டு, அது வரும்போது வாங்கி, சணல் கோணியிலிருந்து சிந்தியது போக மிஞ்சியதைக் கொண்டு வேலையை முடித்துவிட வேண்டும். நாலு மூட்டை குறைந்தால் பக்கத்துக் கடையில் போய் வாங்கிவரலாம் என்பதெல்லாம் கிடையாது. இத்தனைக்கும் டால்மியாபுரத்துச் சிமெண்டு ஆலை எங்களுக்குக் கூப்பிடு தூரந்தான். ஆகையால் எஸ்டிமேட்டில் ஏற்படும் பிழை அக்காலத்தில் ரூபாயாக வெளிப்படுவதற்கு முன்னால், நாட்களாக வெளிப்பட்டுவிடும்.

அப்படித்தான் வெளிப்பட்டது. ஒன்பது அங்குலச் சுவரில் நிலையின் கனம் போக, சுற்றிலும் ஐந்து அங்குல அகலத்துக்கு ஓரம் பூசியாக வேண்டும். ஒரு ஜன்னலுக்குச் சுற்றளவு பதினாறு அடி; ஐந்து அங்குலத்தால் பெருக்கினால் ஆறே முக்கால் சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. எண்பத்துநாலு ஜன்னல்களுக்கு 560 சதுர அடி, அதாவது ஐந்தரைச் சதுரத்துக்கு மேல், என் கணக்கில் இல்லவே இல்லாத பூச்சு. எட்டு மூட்டை சிமெண்டு குறைந்தது. மேல் மாடியின் தெற்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஜன்னல்கள் செங்கல் வாயைத் திறந்துகொண்டு ஒரு மாதம் நின்றன. இது ஒரு பக்கம் இருக்க, பூச்சு மேஸ்திரி சதுரக் கணக்கில் கூலி பேசியிருந்தவர். பில்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு முகத்துக்கு 1,344 சதுர அடி எங்கே போயிற்று என்று கேட்டார். போகவில்லை, அங்கே பூச்சே இல்லையே என்று நான் விளக்கினேன். அவர் என்னுடன் வாதம் செய்யவில்லை. கரண்டியையும் மட்டப்பலகையையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு, ஆட்களோடு பஸ் ஏறிவிட்டார்.

ஓவர்சீயர் ஐயா பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். முதலாளி என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. மேஸ்திரியின் ஊருக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் செய்து அழைத்துவரச் செய்த பிறகு, மறுநாள் காலை ஏழு மணிக்கு என்னை அந்தத் தெற்குச் சுவரின் சாரத்தின்மேல் ஏற்றி, ஒரு ஜன்னலுக்கு எதிரே சாக்கை விரித்து, “இங்க உக்காரு. இந்த ஜன்னல் முடியற வரைக்கும் எழுந்திருக்காதே. எத்தனை மணிக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் எழுது” என்று சொல்லிவிட்டுக் கீழே போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

எழுதினேன். அந்த நோட்டுப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்த வெற்றுச் சுவரில், ஜன்னல் அளவுள்ள இடத்தை, பூச்சின் கனத்தைக் காட்டும் புல்மார்க் வைத்து, கலவையை வீசி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து முடிக்க அந்தக் கொத்தனாருக்கு முக்கால் மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. பிறகு அவர் ஜன்னலுக்கு வந்தார். முதலில் மேல் மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, கீழ் மாடி ஜன்னலின் முனையும் இந்த ஜன்னலின் முனையும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பார்த்தார். வரவில்லை, முக்கால் அங்குலம் விலகியிருந்தது. ஒரு பக்கத்தில் செங்கல் முகத்தைக் கொத்தி எடுத்தார்; மறு பக்கத்தில் கனம் கூட்டினார். லிண்டலின் அடிப்பாகம் பலகை வைத்து வார்த்த கான்கிரீட் ஆதலால் வழுவழுவென்றிருந்தது. அதில் பூச்சுப் பிடிக்கும் பொருட்டு உளியால் பொளி போட்டு, சிமெண்டுப் பாலை அடித்தார். ஒரு பக்கத்து ஓரத்தில் பலகையை முனையோடு முனையாகப் பிடித்துக்கொள்ளச் சித்தாளிடம் கொடுத்து, ஐந்து அங்குல அகலத்தை நிரப்பி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, சற்று இறுகும் வரையில் காத்திருந்து, பலகையை மெல்ல நழுவ விட்டார். முனை உடைந்தது. மறுபடி நிரப்பினார். பிறகு அடுத்த ஓரம். பிறகு மேல் வயிறு, அங்கே போட்ட கலவையில் பாதி அவர் முகத்தின்மேலேயே விழுந்தது. பிறகு கீழ்ப் படி, அதற்கு மழைத் தண்ணீர் வெளியே ஓட வாட்டம். கடைசியில் நான்கு முனைகளையும் நூல் பிடித்தாற்போல் கூராக்கும் வேலை. சாப்பாட்டுக்கு இறங்குவோம் என்று கீழேயிருந்து யாரோ குரல் கொடுத்தபோது என் கைக்கடிகாரத்தில் மணி ஒன்று. நாலாவது முனை இன்னும் பாக்கி இருந்தது.

சாரத்திலிருந்து இறங்கியதும் ஐயா என் நோட்டை வாங்கிப் பார்த்தார். “ஆறே முக்கால் அடி பூச்சுக்கு அரை நாள் ஆச்சா? அதுக்கு என்ன கூலி குடுப்பே? ஆறே முக்கால் அடிக்கா?” என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். “பதினாறு அடி கழிக்காம விட்டிருக்கே ஒரு முகம், அது பூச்சுக்கு இல்லப்பா. முனைக்கு” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த விஷயமாக என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று, ஒரு சுவருக்கு இரண்டு பரப்பு உண்டு என்பது. சிமெண்டும் மணலும் எவ்வளவு இடத்தை மூடுகின்றனவோ அது ஒரு பரப்பு. அதை எஸ்டிமேட் போடுகிறவன் ஓரங்களோடும் மடிப்புகளோடும், உள்ளது உள்ளபடி, சாமான் கணக்குக்காக அளக்க வேண்டும். மனிதனுடைய கை எவ்வளவு பிரயாசைப்படுகிறதோ அது வேறொரு பரப்பு. அதற்கு அளவு நூலின் விதிகள் இருக்கின்றன, அந்த விதிகள் இல்லாத பூச்சை இருப்பதாகவும் இருக்கிற பூச்சை இல்லாததாகவும் பாவித்துக் கூலியைச் சரிக்கட்டுகின்றன. இந்த இரண்டு பரப்புகளையும் இரண்டு தாள்களில் தனித்தனியே எழுதி, ஒன்றுடன் ஒன்று கலக்காமல் கடைசிவரை கொண்டுபோவதுதான் எங்கள் தொழிலின் முழு வித்தையும். இப்போது வருகிற கணக்குகளில் ஒரே தாள்தான் இருக்கிறது. அந்த ஒரே தாளிலிருந்து சிமெண்டும் வாங்குகிறார்கள், கூலியும் கொடுக்கிறார்கள். இரண்டும் இடிக்கும்போது, கொத்தனார்கள் முன்போல நாணயமாக இல்லை என்று சொல்லுகிறார்கள்.

ஜன்னலைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டேன். மணலைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறேன். மணலை நாங்கள் யூனிட் கணக்கில், அதாவது நூறு கன அடி வீதம் வாங்கிவந்தோம். ஈரமான மணல் உப்புகிற குணமுடையது. ஆற்றிலிருந்து அள்ளிய நொய்ம்மணல், நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருந்தாலே, கால் பங்குக்கு மேல் அதிகமாகத் தோன்றும். கொள்ளிடக் கரைக்கு ஐயா போகும்போதெல்லாம் நேர்ப் பக்கமுள்ள ஒரு கண்ணாடித் தம்ளரைத் தோள்பையில் எடுத்துப்போவார். அதில் மணலை விளிம்புவரை தளர்த்தியாகப் போட்டு, தண்ணீரை ஊற்றிக் கிளறிவிட்டால், மணல் முக்கால் தம்ளருக்கு இறங்கி உட்காரும். லாரிக்காரரிடம் அந்தத் தம்ளரைக் காட்டி, “முக்கா லோடுக்கு முழு லோடு காசு கேக்குறீங்களே, நியாயமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவரும் சிரித்துக்கொண்டே இன்னும் நாலு கூடை போடச் சொல்லுவார். 2003-ஆம் ஆண்டில் மணல் குவாரிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதன் பிறகு ஆற்று மணல் அருமையாகிப்போய், இன்று கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்டு கட்டுக்கும், அதிலும் மெல்லிய பி-சாண்டு பூச்சுக்கும் என்று ஆகிவிட்டது. நான் அதைக் குறை கூறவில்லை. ஆற்றுக்கும் உயிர் இருக்கிறது. ஆனால் கழுவிய ஈரத்தோடு வந்து இறங்கும் பி-சாண்டும் உப்பத்தான் செய்கிறது. தம்ளரை எடுத்துப்போகிறவரைத்தான் காணோம். அதுபோலவே சிமெண்டு மூட்டையின் கொள்ளளவான ஒன்றேகால் கன அடிக்குச் சரியாகச் செய்த மர அளவுப் பெட்டியும் காணாமற்போய்விட்டது. இரும்புச் சட்டியில் ஒருவன் கூம்பாக அள்ளுகிறான், ஒருவன் தலை தட்டி அள்ளுகிறான், ஒன்றுக்கு ஐந்து என்று எழுதிய கலவை காலையில் ஒரு ஜாதியாகவும் மாலையில் வேறொரு ஜாதியாகவும் சுவரில் ஏறுகிறது.

சாரம், நீராற்றல், செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் கோட்டில் அடிக்கும் கோழி வலை, சவுக்குக் கழி சொருகிய துளைகளைக் கடைசியில் அடைக்கும் வேலை ஆகியவற்றை எஸ்டிமேட்டில் இதர செலவு என்று ஒரு வரியில் நூற்றுக்கு இவ்வளவு என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு மாடி வீட்டுக்கும் மூன்று மாடி வீட்டுக்கும் அதே நூற்றுக்கு இவ்வளவுதான். செட்டிநாட்டு முட்டைப் பூச்சைப் பற்றி என்னிடம் வந்து கேட்கிறவர்களும் உண்டு. நான் அதைச் செய்து பார்த்தவனல்லன், ஆகையால் அதற்கு எஸ்டிமேட் போடவும் மாட்டேன்.

திருவெறும்பூர் வீட்டுக்கு நான் மறுபடி போகவேண்டி வரும் என்று நினைக்கவில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொள்வதற்கு ஒரு வாரம் முன்னால் சிநேகிதரின் புதல்வன் வந்து, வாங்கிப்போட்ட சாமான் தீர்ந்துவிட்டதென்றும், கைப்பிடிச் சுவர் அப்படியே நிற்கிறதென்றும், மேஸ்திரி ஏதோ கூலித் தகராறு செய்கிறாரென்றும் சொன்னான். போனேன். நாற்பதுக்கு முப்பது அளவுள்ள வீடு; சுற்றளவு 140 அடி; தரையிலிருந்து கைப்பிடிச் சுவரின் தலை வரையில் பதினாறு அடி. மேற்கே அண்டை வீட்டின் மொட்டைமாடி பதினோரு அடி உயரத்தில் ஒட்டி நிற்பதால், அதற்குக் கீழே கரண்டி போக வழியில்லை. அதற்கு மேலே ஐந்து அடியையும் அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டு, அவர்கள் மாடியில் நின்றுதான் பூச வேண்டும். 2,240 சதுர அடியில் மேற்கே பூச முடியாத சுமார் 440-ஐக் கழித்தால் எவ்வளவு மிஞ்சுகிறது? 1,800. கைப்பேசி சொன்ன அதே 1,800! மேற்குச் சுவரைக் கண்ணால் பாராமலே அந்தப் பிள்ளை சரியான எண்ணைச் சொல்லியிருந்ததைக் கண்டு, எனக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கைப்பிடிச் சுவருக்கு உட்புறமும் தலையும் உண்டென்பது அதில் இல்லை. அது ஒரு 460 அடிக்கு மேல். ஏழு சன்ஷேடுகளின் மேலும் கீழும் விளிம்பும் இல்லை, அது 140. ஆறு சதுரம் போயிற்று. ஜன்னல்களை மட்டும் அது கழித்திருந்ததா, விட்டிருந்ததா, கழித்திருந்தால் எந்த முகத்தில் என்று இளம் இஞ்சினீயரிடம் கேட்டேன். அவர் கைப்பேசியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

மேஸ்திரி ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்து, “ஐயா பழைய ஆளாட்டம் தெரியுது. ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் கழிச்சிட்டாங்கய்யா. முனை எல்லாம் சும்மாவா புடிச்சோம்?” என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து என் நாடாவை எடுத்தேன். ஓவர்சீயர் ஐயாவின் துணி நாடா இற்றுப்போய் எவ்வளவோ காலமாயிற்று, இது இரும்பு நாடா. இளம் இஞ்சினீயரைக் கூப்பிட்டு, பூஜ்ய முனையை மொட்டைமாடியின் வடமேற்கு மூலையில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு கையாலும் சிரத்தையாகப் பிடித்துக்கொண்டார். நான் தெற்கு மூலை வரையில் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வரைபடத்தில் 40 அடி என்று போட்டிருந்த மேற்குச் சுவர், 39 அடி 8 அங்குலம் இருந்தது.